திராட்சைத் தராசில் ஏறிய பிள்ளைகள்

வறுத்து அரைத்த மாவின் மேல் வெந்நீர் விழுந்ததும் ஒரு மணம் எழும். கோதுமையும் மக்காச்சோளமும் பொட்டுக்கடலையும் வெல்லமும் கலந்த மணம், அதன் அடியில் கொஞ்சம் சாக்கு வாசம், மழைக்காலமாக இருந்தால் அதற்கும் அடியில் கொஞ்சம் வண்டு வாசம். எங்கள் ஊர்ப் பால்வாடியில் காலை பத்து மணிக்கு அந்த மணம் வரும்போது, 'அணில்', 'ஆடு' என்று கத்திக்கொண்டிருந்த முப்பது வாய்களும் ஒரே நேரத்தில் மூடிக்கொள்ளும். அடுத்து அவை திறப்பது சத்துமாவு உருண்டைக்காகத்தான்.

தேனி தனி மாவட்டமாகாமல் மதுரையோடு ஒட்டிக்கொண்டிருந்த காலம். கம்பத்துக்குத் தெற்கே, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவில் அந்தப் பால்வாடி ஓட்டுக் கட்டடமாக இருந்தது. எனக்கு அப்போது ஐந்து வயது நிறைந்திருக்கவில்லை. ஆகவே இதில் பாதி நான் பார்த்தது, மீதி அம்மாவும் சரோசா டீச்சரும் பிற்பாடு சொன்னது. எது எந்தப் பாதி என்று இப்போது பிரிக்க முடியவில்லை. என்னைப் பற்றி நல்லதாக ஏதாவது வந்தால் அது நான் சேர்த்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பால்வாடிக்கு விதிகள் இருந்தன. சுவரில் நீலப் பெயிண்ட்டில் எழுதியிருந்த அவற்றை எங்களுக்கு வாசிக்கத் தெரியாததால், டீச்சர் தினமும் வாயால் சொல்லுவார். கையைக் கழுவிவிட்டு வரவேண்டும். உருண்டையை 'அங்கனயே' உட்கார்ந்து தின்ன வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. தின்று முடித்ததும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். மாதம் ஒருமுறை எடை போட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டை போட்ட அட்டையில் புள்ளி வைப்பார்கள். புள்ளி பச்சையில் விழுந்த பிள்ளைக்கு ஓர் உருண்டை. மஞ்சளில் விழுந்தால் இரண்டு. சிவப்பில் விழுந்தால் இரண்டு உருண்டையோடு கம்பம் ஆஸ்பத்திரியும் உண்டு.

இந்தக் கடைசி விதியில் எனக்குக் கடுமையான ஆட்சேபம் இருந்தது. நான் பச்சை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சி மஞ்சள். அவள் தட்டில் இரண்டு உருண்டை விழும். அவளோ ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதை விரலால் குத்திக்கொண்டிருப்பாள். உலகத்தில் வேறெங்கும் இளைத்தவருக்கு இரண்டு பங்கு கிடைக்காது என்பது தெரியாத வயது எனக்கு. அம்மாவிடம் போய், 'என்னையும் மஞ்சளாக்கு' என்று அழுதிருக்கிறேன்.

"ஏண்டி, பிள்ளை தேறணும்னு ஊருல அவ அவ சாமிக்கு நேந்துக்கிறா. நீ எளைக்கணும்னு அழுகுறியே" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தார். அந்த அடியும் என் எடையைக் குறைக்கவில்லை.

எடை போடுவதற்கு ஒரு 'வில்லுத் தராசு' உத்திரத்தில் தொங்கியது. அதன் கொக்கியில் கால்சட்டை மாதிரி ஒரு துணிப்பை. பிள்ளையை அதற்குள் இறக்கினால், கால் இரண்டும் வெளியே ஆட, முள் சுற்றி ஓர் எண்ணில் நிற்கும். ஒருநாள் டீச்சர் வெளியே போயிருந்தபோது நான் அந்தப் பையில் ஏறி ஊஞ்சல் ஆடினேன். எத்தனை ஆட்டம் என்று நினைவில்லை. இறங்கிய பிறகும் முள் இறங்கவில்லை. வெறும் பை நாலு கிலோ காட்டிக்கொண்டு தொங்கியது. "தராசு தாங்காத பிள்ளை" என்று ஊரில் எனக்கு ஒரு பட்டம் வந்தது. கல்யாணப் பேச்சு நடந்தபோதுகூட மாப்பிள்ளை வீட்டார் காதுக்கு அது எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தது.

புதுத் தராசுக்கு டீச்சர் எழுதிப் போட்டார். அது வருவதற்குள் அந்த மாதத்து எடை நாள் வந்துவிட்டது. அடுத்த தோட்டத்தில் அப்போது பன்னீர் திராட்சை வெட்டு நடந்துகொண்டிருந்தது. பந்தலுக்கு வெளியே மூன்று மூங்கில்களைக் கூட்டி நிறுத்தி, நடுவில் ஒரு பெரிய தட்டுத் தராசைத் தொங்கவிட்டு, தங்கவேலு மாமா பெட்டி பெட்டியாக நிறுத்துக்கொண்டிருந்தார். கம்பத்து வியாபாரிகளுக்கு எடை போடுவதே அவர் தொழில். அவர் சொல்லும் எண்ணைத் தோட்டக்காரரும் மறுக்க மாட்டார், வியாபாரியும் மறுக்க மாட்டார். டீச்சர் எங்களை வரிசையாக அழைத்துக்கொண்டு அங்கே போனார்.

"இம்புட்டும் பெட்டியா டீச்சரம்மா?" என்றார் மாமா. "இதுல உதிரிதான் சாஸ்தியா இருக்கும்போல."

"நல்லா நிறுத்துக் குடுங்க, போதும்" என்றார் டீச்சர்.

கனமான பெட்டியில் தொடங்குவது அவர் வழக்கம். வரிசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தூக்கித் தட்டில் வைத்தார். மறு தட்டில் இரும்புக் கற்களை அடுக்கி, தராசு முள் நேராக நின்றதும், "லாபம்!" என்று கத்தினார். எங்கள் பக்கத்தில் எதை எண்ணினாலும் அளந்தாலும் முதலாவதை 'ஒன்று' என்று சொல்வதில்லை, 'லாபம்' என்றுதான் சொல்லுவார்கள். என்னை லாபம் என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதன்பிறகும் யாரும் அவசரப்பட்டுச் சொல்லிவிடவில்லை.

பிறகு எடையைச் சொன்னார். டீச்சர் எழுதிக்கொண்டார். இரண்டு, மூன்று, நாலு என்று மற்றவர்களும் ஏறி இறங்கினார்கள். பால்வாடிக்குத் திரும்பி வந்து புள்ளி வைத்தபோது டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரே மாதத்தில் ஒரு கிலோ இளைத்திருந்தார்கள். போன மாதம் வரை பச்சையில் கிடந்த புள்ளிகள் மஞ்சளுக்குச் சரிந்திருந்தன. என்னுடையதும்தான். பேச்சியின் புள்ளி சிவப்பில் விழுந்திருந்தது.

எனக்கு இரண்டு உருண்டை கிடைத்தது. ஆனால் வந்த மாவு பழைய அளவுதான், தின்னும் கணக்கு மட்டும் இரட்டித்துவிட்டது. ஆகவே சமைக்கும் ஆயாம்மா உருண்டையைச் சிறுக்கச் செய்து செய்து, கடைசியில் நெல்லிக்காய் அளவுக்குக் கொண்டுவந்தார். எனக்கு அதில் நட்டமில்லை, நட்டம் பேச்சிக்கு. அவளுடைய பெரிய உருண்டை இரண்டும் இப்போது நெல்லிக்காய் இரண்டாகிவிட்டன. இந்த இடத்தில், என்னுடைய உருண்டை ஒன்றை எடுத்து அவள் தட்டில் வைத்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். வைக்கவில்லை. இரண்டையும் நானே தின்றுவிட்டு, வாயைத் திறந்து காட்டினேன்.

சிவப்பு என்றால் ஆஸ்பத்திரி, அதுவும் விதி. பேச்சியின் அம்மா விடியுமுன்னே ஜீப்பில் ஏறிக் கேரளா பக்கம் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர். அவரைப் பிடிக்க டீச்சர் பொழுது சாய்ந்த பிறகு அவர் வீட்டுக்கே போக வேண்டியிருந்தது. எங்கள் வீடு அதற்கு எதிர்வீடு. அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஒரு நா ஜீப்பை விட்டேன்னா மறுநா என் எடத்துல வேற ஆளு ஒக்காந்திருக்கும் டீச்சர். அவ பொறந்ததுலருந்தே ஒல்லிதேன். அவுக அப்பாவும் அப்படித்தேன் இருந்தாக."

"இந்த மாசம் செவப்புல விழுந்திருச்சு ஆத்தா. நான் சும்மா இருக்க முடியாது."

"இருமல் கொஞ்சம் இருக்கு. சுக்குத் தண்ணி குடுத்தாச் சரியாப் போகும்."

"எத்தன நாளா இருக்கு இருமல்?"

பேச்சியின் அம்மா திரும்பி, படுத்திருந்த பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிட்டார். டீச்சர் எழுந்தார். "நீ ஜீப்புக்குப் போ. பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன்."

போனார். கம்பம் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் பேச்சியின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுப் படம் எடுக்கச் சொன்னார். 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்றார்கள். நெஞ்சில் சளியாகத் தொடங்கிப் பிள்ளையை உள்ளுக்குள்ளே தின்றுவிடும் நோய் என்று ஊரில் அதற்கு அர்த்தம். ஆறு மாதம் விடாமல் மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும், இன்னும் கொஞ்ச நாள் கழித்து வந்திருந்தால் சிரமம் என்றார் டாக்டர். அதோடு இன்னொன்றும் கேட்டார்: "அட்டையில் போட்டிருப்பதைவிடப் பிள்ளை ஒரு கிலோ கூட இருக்கிறதே, யார் எடை போட்டது?"

டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராகத் திராட்சைத் தோட்டத்துக்குத்தான் போனார்.

"ஒரு கிலோ கழிவு போகத்தான டீச்சரம்மா சொல்லுவோம்?" என்றார் தங்கவேலு மாமா, இதிலென்ன சந்தேகம் என்பதுபோல. காம்புக்கும் ஈரத்துக்கும் உதிர்ந்த பழத்துக்கும் சேர்த்துப் பெட்டிக்கு ஒரு கிலோ கழித்துச் சொல்வது அந்தத் தராசின் முறை. அதைச் சொல்லிச் சொல்லி, கண் பதினைந்து என்று பார்த்தால் வாய் பதினாலு என்று சொல்லிப் பழகிவிட்டது.

"பிள்ளைக்கு ஏதுய்யா கழிவு?"

"ஏன், இல்லையா? சட்டை இருக்கு, அரைஞாண் இருக்கு. ஒங்க பிள்ளைக காலுல இருக்க செம்மண்ணே அரைக்கிலோ தேறும். பெறகு என்னயக் குத்தஞ் சொல்றீக."

டீச்சர் திட்டுவதற்காக வாயைத் திறந்தவர், திட்டாமலே நின்றார் என்று பின்னாளில் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். சரியாக நிறுத்திருந்தால் பேச்சி சிவப்புக் கோட்டுக்கு ஒரு நூல் மேலே, மஞ்சளிலேயே இருந்திருப்பாள். மஞ்சள் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப விதியில்லை. அந்த ஒரு கிலோ கழிவுதான் அவளைப் பஸ் ஏற்றியிருக்கிறது. அதற்கும் முன்னால் போனால், உத்திரத்துத் தராசை ஒருத்தி ஊஞ்சலாக்கிக் கெடுத்ததுதான் ஏற்றியிருக்கிறது. இதற்காக யாரும் என்னைப் பாராட்டவில்லை.

புதுத் தராசு வருகிற வழியாக இல்லை. தங்கவேலு மாமாவும் கழிக்காமல் சொல்லப் பார்த்தார், வரவில்லை. முழு எடையைச் சொன்னால் நாக்குக் கூசுவதாகச் சொன்னார். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பிள்ளையைத் தட்டில் உட்கார வைக்கும்போது அதன் மடியில் ஒரு கிலோக் கல்லைக் கொடுத்துவிடுவது; அவர் வழக்கம்போல ஒன்றைக் கழித்துச் சொல்வது; விடை சரியாக வந்துவிடும். அடுத்த எடை நாளில் நான் மறுபடியும் பச்சைக்கும் ஓர் உருண்டைக்கும் திரும்பினேன். உருண்டைகள் பழைய அளவுக்குப் பெருத்தன.

பேச்சி மாத்திரை தின்றாள். அது நின்றுபோகாமல் டீச்சரே தினமும் தன் கண்முன்னால் கொடுத்து, உருண்டைக்குச் சொன்ன விதிப்படியே வாயைத் திறந்து காட்டச் சொன்னார். ஆறு மாதம் முடிந்த எடை நாளும் பந்தலடியில்தான். எப்போதும்போல நான் லாபம். ஐந்தாவதாகப் பேச்சி ஏறினாள், மடியில் கல்லோடு. முள் நின்றது. தங்கவேலு மாமா கற்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பதினாலு!" என்றார் உரக்க.

டீச்சர் எழுதப் போனவர் நிறுத்தினார். "கல்லைக் கழிச்சீகளா?"

"கழிக்கல."

"ஏன்?"

"ஆறு மாசமா மாத்திரை முழுங்குன பிள்ளை. அவகிட்டப் போயிக் கழிக்கச் சொல்றீகளே. முழுசா எழுதுங்க டீச்சரம்மா."

"நீங்க பாசத்துல ஒரு கிலோ கூட்டுனீகன்னா இவ பச்சைக்குப் போயிருவா. பச்சைக்குப் போனா இவளுக்கு உருண்டை ஒண்ணாகிரும். அதுக்காகவா இம்புட்டுப் பாடு?"

 கூடினால் குறையும், குறைந்தால் கூடும் என்ற வியாபாரத்தை மாமா அதுவரை எந்தத் தோட்டத்திலும் பார்த்ததில்லை.

"ஒங்க சட்டம் தலைகீழா இருக்கே" என்றார். "சரி, எடையில கூட்டல. ஆனா இவள மொத ஆளா நிறுக்கப் போறேன். அதுக்கும் சட்டம் இருக்கா?"

டீச்சர் யோசித்துப் பார்த்தார். அதற்குச் சட்டம் இல்லை.

மாமா பேச்சியை இறக்கி, வரிசையை மாற்றி, மறுபடி அவளையே தூக்கித் தட்டில் வைத்து, "லாபம்!" என்று மலை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். பிறகு அடங்கிய குரலில், "பதிமூணு" என்றார். நான் இரண்டாவதானேன். அன்று மத்தியானம் வரை யாரிடமும் பேசவில்லை.

போன மாதம் கம்பம் போயிருந்தேன். பேச்சி இப்போது அங்கே வாழைமண்டிக்காரர் வீட்டம்மா. அவளுக்கு ஒரு பேத்தி இருக்கிறாள். நான் தேனியில் ஒரு கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்தே இருபது வருடத்தைக் கழித்தவள். சர்க்கரை டாக்டர் எழுதிக் கொடுத்த உணவுப் பட்டியலைப் பையில் வைத்திருக்கிறேன். அரைக் கிண்ணம் சோறு, உருண்டை எதுவும் கூடாது. குளியலறைத் தராசில் தினமும் ஏறி, கழிவு ஒரு கிலோ போக மீதியைக் கணவரிடம் சொல்கிறேன்.

அன்று அங்கன்வாடியில் எடை நாள் என்று பேச்சி பேத்தியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, நானும் கூடப் போனேன். டைல்ஸ் போட்ட தரை. தரையில் ஒரு கண்ணாடித் தராசு. பிள்ளை ஏறி நின்றதும் சிவப்பு எண் எரிந்தது. இந்தக் காலத்து டீச்சர் செல்போனில் பிள்ளையின் முகத்தைப் படம் பிடித்து, எண்ணைத் தட்டினார். பச்சை என்று போனே சொல்லிவிட்டது. அது கழிப்பதுமில்லை, கூட்டுவதுமில்லை, நல்ல தராசு. யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. திராட்சைத் தோட்டங்களிலும் இப்போது அப்படித்தான், தட்டுத் தராசு போய், எண் எரிகிற பெட்டி வந்துவிட்டது. தங்கவேலு மாமா காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன.

பேச்சி அந்த எரிகிற எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பேத்தியை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அதன் காதோடு, "லாபம்" என்றாள்.

"என்னம்மா சொன்னீங்க?" என்றார் டீச்சர், போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"ஒண்ணுமில்ல டீச்சர், நீங்க எழுதுங்க."