செம்பு வாஷர்

எங்கள் தெருவில் இப்போது வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. எல்லாம் செயின் வண்டி. என் மாமாவிடம் இருந்தது செயின் இல்லாத வண்டி. போன மாசியில் அவர் இறந்துபோனார். அவருக்கு நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது.

அப்போது எனக்குப் பத்து வயது. மாமா அம்மாவின் தம்பி. சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பியவர், ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி அது. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஓர் இரும்புத் தண்டு போகும். அதன் முனையில் ஒரு பெட்டி. உள்ளே பல்சக்கரங்கள் எண்ணெயில் முங்கிக் கிடக்கும். "செயினு இல்லாம எப்படிவே ஓடுது? உள்ள ஆளு இருந்து தள்ளுதானா?" என்று கோவில்பட்டியில் கேட்காதவர்கள் குறைவு.

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவருக்கு மூல உபத்திரவம். குலுங்காத வண்டி என்று கேள்விப்பட்டு, "நான் ஒருநாள் ஏறிப் பாக்கேன். வலிக்கலேன்னா உமக்கு என் ஆபீஸ்ல டிரைவர் வேலை" என்று சொல்லியனுப்பினார். ஊருக்கு அது சிரிப்பு. மாமாவுக்குச் சிரிப்பில்லை. வேலை இருந்தால்தான் பெண் என்று கடம்பூரில் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் வண்டி அப்போது கொஞ்சம் கெட்டிருந்தது. வேகம் கூட்டினால் இடுப்பில் ஒரு வெட்டு விழும். மாமா பெட்டியின் அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றினார். கருத்த எண்ணெய் இறங்கியது. விரலில் தேய்த்துப் பார்த்தார். "இரும்புப் பொடி கெடக்கு பாரு மருமவனே. அதான் கடிக்குது." மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு தடவை அலசினார். போல்ட்டையும் அதோடிருந்த செம்பு வாஷரையும் துடைத்துவைக்கச் சொல்லி என்னிடம் தந்தார்.

துடைத்த வாஷர் பவுன் மாதிரி மின்னியது. என் கட்டைவிரலுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. அதை டவுசர் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மாமா வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தபடி கை நீட்டினார். "வாஷரு மாட்டித்தான தந்துருக்க?"

"மாட்டித்தான் தந்தேன் மாமா."

வண்டிக்கடி இருட்டில் தடவி முடுக்கினார். புது எண்ணெய் ஊற்றினார். சாயங்காலம் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போனார். ரோட்டில் போகிறோம் என்பதே தெரியவில்லை. பரிசலில் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. "இப்ப எப்படிலே இருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

எட்டு நாள் கழித்து முதலாளி வந்தார். அந்த எட்டு நாளும் வாஷர் இல்லாத போல்ட்டின் இடுக்கு வழியாக எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. செம்மண்ணாக இருந்தால் கறை காட்டிக்கொடுத்திருக்கும். எங்கள் முற்றம் கரிசல்; கருப்பின் மேல் கருப்பு யார் கண்ணுக்கும் படவில்லை.

இரண்டு மைல் வரை முதலாளி, "மெத்தையில உக்காந்த மாதிரில்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனாராம். பிறகு பெட்டி ஊளையிட்டது. பின்சக்கரம் இறுகி நின்றது. இருவரும் புழுதியில் விழுந்தார்கள். முதலாளிக்குக் கை முறிந்தது.

வண்டியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கூட்டத்தின் நடுவில் மாமா போல்ட்டைக் கழற்றினார். ஒரு சொட்டுகூட விழவில்லை. வாஷர் இல்லாத போல்ட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதை யாருவே மாட்டுனது?" என்றார் என் அப்பா.

"நாந்தான் அத்தான். வாஷர் போட மறந்துட்டேன்."

எனக்கு உயிர் வந்தது. தான்தான் மறந்துவிட்டதாக அவரே நம்பிவிட்டார் என்று நினைத்தேன். அன்றைக்கே வாஷரைக் கண்மாயில் எறிந்தேன்.

வேலை போயிற்று. கடம்பூர்ப் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள். அதன்பின் மாமாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அவர் கையில் ஒரு சைக்கிளைக்கூட யாரும் பழுதுபார்க்கக் கொடுக்கவில்லை. கடைசிவரை தீக்குச்சிக் கட்டைகளைச் சுமந்தார். ஊர் அவருக்கு 'வாஷர்' என்று பேர் வைத்தது. அப்படிக் கூப்பிட்ட ஒருவனைச் சட்டையைப் பிடித்து அடித்தே விட்டார்.

பள்ளிக்கூடத்துச் சேக்காளிகளோடு நிற்கையில் நானும் ஒருநாள் கூப்பிட்டேன்: "ஏ, வாஷர் மாமா!"

நின்றார். என்னைப் பார்த்தார். கட்டைச் சுமையோடு போய்விட்டார். இங்கிலீஷ் படிக்கிற பையன் என்று என்னிடம் அவருக்குப் பயம் என நினைத்துக்கொண்டு, இன்னொரு தடவை கூப்பிட்டேன்.