டேப்பில் பார்த்த லண்டன் வீடு

மலேசியாவில் கோலா பிலா பக்க ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது ஆங்கில வகுப்புக்குப் போவேன். டீச்சர் வீடியோ டேப் போட்டு லண்டன் வீடுகளைச் சுற்றிக் காட்டுவார். அங்கே எல்லாரும் சப்பாத்து, அதான் ஷூ, போட்டபடியேதான் வீட்டுக்குள் நடந்தார்கள்.

ஒருநாள், பிள்ளை பார்க்கும் வேலை கேட்டு, வெள்ளைக்கார மேனேஜர் வீட்டுக்குத் தோழி சரோஜாவோடு போனேன். வாசலில் அவள் செருப்பைக் கழட்டினாள்.

"கழட்டாத லா! டேப்புல பாத்தல்ல?" என்று அதட்டிவிட்டு, செம்மண் அப்பிய சப்பாத்தோடு நுழைந்தேன்.

எதிரே மேனேஜரின் மனைவி, வெறுங்காலோடு, கைகூப்பி "வணக்கம்" என்றார்.

நான் அவசரமாகக் கழட்டினேன். அதற்குள் அவர் என் சப்பாத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே ஓடிச் சப்பாத்து மாட்டிக்கொண்டு வந்தார். யார் யாருக்காக மாறுவது என்றே புரியவில்லை.

எப்படியோ வேலை கிடைத்தது. இப்போதெல்லாம் எந்த வாசலிலும் "கழட்டணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நுழைகிறேன். சொந்தத் தங்கை வீட்டில்கூடக் கேட்டு, திட்டு வாங்குகிறேன்.