நரம்பு ஊசி

எனக்குக் கணையத்தில் நோய். அப்படி ஒன்று உடம்பில் இருப்பதே அது கெட்ட பிறகுதான் தெரியும். இரைப்பைக்குப் பின்னால் கிடக்கிறதாம். கல் அடைத்துச் சுருங்கிவிட்டது என்றார்கள்.

சாப்பிட்டால் மேல்வயிற்றில் பிடிக்கும். முதுகு வரைக்கும் துளைத்துக்கொண்டு போகும். முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். நான் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்குகிறவன். குனிந்தே உட்கார்ந்திருந்தால் மூட்டையை யார் தூக்குவது? வேலைக்குப் போவது நின்றது. சோற்றைப் பார்த்தாலே பயம் வந்தது.

குடித்துத்தான் வந்தது என்று மார்க்கெட் முழுக்கப் பேச்சு. நான் குடித்ததே இல்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

மாத்திரைக்கு வலி கேட்கவில்லை. திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒரு வழி சொன்னார்.

"வலிய மூளைக்குக் கொண்டுபோற நரம்புக் கூட்டம் ஒண்ணு கணையத்துக்குப் பக்கத்துல இருக்குங்க. ஸ்கேன்ல பாத்துக்கிட்டே அதுல ஊசி போட்டு மரத்துப்போக வைப்போம். நோய் போகாது. வலி குறையலாம். சில மாசம் தாங்கலாம். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது."

"போடுங்க" என்றேன்.

வெளியே என் மனைவியும் அவள் அண்ணனும் நின்றிருந்தார்கள்.

"என்ன சொன்னாங்க மாப்ள?" என்றார் மச்சான்.

"நரம்புல ஊசி போடணுமாம்."

அந்த வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது. எங்கள் பக்கம் நரம்பு ஊசி என்றால் கையைக் கட்டி, பச்சை நரம்பைத் தட்டிப் போடுவது. ரத்தம் ஓடுகிற குழாய்க்கும் அதே பெயர், வலி ஓடுகிறதற்கும் அதே பெயர்.

"இவ்வளவுதானா? இத நம்ம ஸ்ரீரங்கத்து கிளினிக்லயே போடுவாங்களே. இதுக்கா காவேரிய தாண்டி வந்தோம்?" என்றார் மச்சான்.

ஊசி போடுகிற அன்று காலையில் எதுவும் சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்தார்கள். போனோம். முதலில் சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தேன். மச்சான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார்.

"சாப்பிடுங்க மாப்ள."

"சாப்பிடக் கூடாதுன்னாங்க."

"அது ரத்தம் எடுக்கறதுக்கு. அதான் எடுத்தாச்சுல்ல. வெறும் வயித்துல நரம்பு ஊசி போட்டா கிறுகிறுன்னு வரும்."

"அண்ணன் சொல்றதும் சரிதாங்க. ரெண்டே ரெண்டு" என்றாள் மனைவி.

வேண்டாம் என்றேன். மறுபடியும் நீட்டினாள். வாதாடத் தெம்பில்லை. தின்றேன்.

நர்ஸ் வந்தது. "ஒண்ணும் சாப்பிடலையே?"

"இப்பதான் இட்லி சாப்பிட்டாரு. தெம்பா இருக்காரு" என்றார் மச்சான், பெருமையாக.

நர்ஸ் தலையில் கை வைத்தது. "ஏங்க, மயக்கம் குடுத்து வாய் வழியா இரைப்பைக்குள்ள குழாய விட்டுத்தான் அந்த ஊசியே போடணும். தின்னது மேல வந்து நுரையீரலுக்குள்ள போச்சுன்னா?"

"கையில போடுற ஊசிக்கு வாயில எதுக்கும்மா குழாய்?"

"கையிலன்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் இட்லி வேலையைக் காட்டியது. நடைமேடையில் குனிந்து உட்கார்ந்தேன். மச்சான் என் முதுகைத் தடவினார்.

"அவங்க வெவரமா சொல்லிருக்கணும் மாப்ள."

அந்த வாரம் முழுக்க அவரிடம் பேசவில்லை.

மறுமுறை போகும்போது மனைவியின் பையை நானே திறந்து பார்த்தேன். மச்சான் சட்டைப் பையில் பிஸ்கட் இருந்தது. வாங்கிப் பஸ்ஸிலேயே கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன்.

டாக்டரம்மா குழாயைக் காட்டினார். அதன் நுனியிலேயே ஸ்கேன். இரைப்பைக்குள் நின்றுகொண்டு சுவருக்கு அப்பால் பார்க்குமாம். பார்த்துக்கொண்டே ஊசி சுவரைத் தாண்டிப் போகுமாம். மயக்கத்துக்குக் கையில் மருந்து ஏற்றினார்கள். அதற்குமேல் நினைவில்லை.

விழித்தபோது தொண்டை கரகரத்தது. எழுந்தால் தலை சுற்றியது. வயிறும் போனது. இதெல்லாம் வரலாம், அடங்கிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

மனைவியோடு மச்சான் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. புறங்கையில் மருந்து ஏற்றிய இடத்து பிளாஸ்திரியைப் பார்த்தார்.

"பாத்தியாம்மா? கையிலதான் போட்டிருக்காங்க. நான் அன்னைக்கே சொன்னேன்ல!"

கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் சாப்பிடலாம் என்றார்கள். மனைவி ரசஞ்சோறு பிசைந்து கொடுத்தாள். கொஞ்சம் தின்றுவிட்டுப் பழக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்து காத்திருந்தேன். முதுகில் மந்தமாக ஏதோ இருந்தது. துளைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். துளைக்கவில்லை. மெதுவாக நிமிர்ந்தேன்.

"வலிக்குதாங்க?" என்றாள்.

"இல்ல."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டில்காரர் மச்சானிடம் என்ன வைத்தியம் என்று விசாரித்தார்.

"சாதாரண நரம்பு ஊசிதாங்க. போட்டதும் கேட்டுருச்சு."

"எந்தக் கையிலங்க?"

"இடது கை."

நான் இன்னொரு வாய் சோறு கேட்டேன்.