மாதத்துக்கு அரை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஒரு கெமிக்கல் கம்பெனியின் லேபில் எனக்கு வேலை. மீஞ்சூரில் ரயில் ஏறி, கூட்டத்தோடு நின்றபடி போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை கோடு போடுவது. அளவு தெரிந்த ஐந்தாறு கரைசல்களை ஒவ்வொன்றாகக் கருவியில் வைத்து, அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்வேன். கரைசலின் அளவு படுக்கை வாட்டத்தில், கருவியின் எண் செங்குத்தாக. பூஜ்யத்திலிருந்து கிளம்பும் ஒரே நேர்கோட்டில் புள்ளிகள் ஏறக்குறைய வந்து விழும். அந்தக் கோடு மேலே எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை, பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதால் வகுத்தால் சாய்வு கிடைத்துவிடும். அப்புறம் எந்தக் கழிவுநீர் பாட்டில் வந்தாலும், கருவி காட்டும் எண்ணைச் சாய்வால் வகுத்து, அதில் எவ்வளவு விஷம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பத்தாம் வகுப்புக் கணக்குதான். கம்ப்யூட்டரே செய்துவிடும் என்றாலும், ஒருமுறை கையாலும் போட்டுப் பார்ப்பது எங்கள் லேபில் வழக்கம்.

என் கணவர் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே வரிசையில் மணிக்கணக்கில் வண்டியிலேயே கிடக்க வேண்டும். இறங்கிப் போக முடியாது என்பதால் தண்ணீர் குடிக்க மாட்டார். முதுகு வலித்தால் மெடிக்கலில் கேட்டு ஏதோ ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார். சர்க்கரையும் இருந்தது. கால் வீங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிறுநீரகம் ரத்தத்தை எவ்வளவு வடிகட்டுகிறது என்பதற்கு ஒரு எண் சொன்னார்கள். அவருக்கு நாற்பது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது முப்பத்து நான்கு.

"குறைஞ்சுட்டே வருது. பத்துக்குக் கீழ போனா டயாலிசிஸ் பத்தி யோசிக்கணும்" என்றார் டாக்டரம்மா. அது எப்போது என்று கேட்டதற்கு, அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்று அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் என் கணவர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். எங்களுக்குள் எப்போதும் நீ, வா, போ தான்.

"டெய்லி லேப்ல கோடு போட்டுகினு கீறல்ல, இதுக்கும் ஒண்ணு போட்டுப் பாரேன்" என்றார்.

"இன்னாத்துக்கு?"

"எவ்ளோ நாளு ஓடும்னு தெரிஞ்சிக்கலாம்ல."

அரிசி களைந்துகொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மகளின் கணக்கு கிராஃப் தாளில் ஒன்றை எடுத்துப் போட்டேன். முதல் டெஸ்ட் எடுத்த மாதம் பூஜ்யம், எண் நாற்பது. பன்னிரண்டாம் மாதத்தில் முப்பத்து நான்கு. ஆறு குறைந்திருக்கிறது, ஆறைப் பன்னிரண்டால் வகுத்தால் அரை. கோடு இறங்குகிறது என்பதால் முன்னால் கழித்தல் குறி. மாதத்துக்கு அரை போகிறது. நாற்பதிலிருந்து பத்துக்கு வர முப்பது குறைய வேண்டும். அதற்கு அறுபது மாதம், அதாவது ஐந்து வருடம். ஒன்று போய்விட்டது.

"இன்னும் நாலு வருஷம்" என்றேன்.

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "பாப்பா ப்ளஸ் டூ முடிச்சு, டிகிரியும் முடிச்சிருவால்ல?"

"முடிச்சிருவா. ஆனா இது ரெண்டே புள்ளி. ரெண்டு புள்ளி எங்க இருந்தாலும் நடுவுல ஒரு கோடு வரத்தான் செய்யும். லேப்ல இத வச்சு ரிப்போர்ட் குடுத்தா வேலையே போயிடும். கடைசிப் புள்ளிக்கு அந்தாண்ட கோட்ட நம்பவும் கூடாது."

"பரவால்ல. ஒரு கணக்குன்னு ஒண்ணு கீதுல்ல."

அந்த நாலு வருடத்தை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வலி மாத்திரையை விட்டார். கருவாடு இல்லாமல் சோறு இறங்காத மனுஷன், உப்பு குறைத்த குழம்பை முகம் சுளிக்காமல் தின்றார். அவருக்குத் தனியாக, எனக்கும் மகளுக்கும் தனியாகச் சமைத்துவிட்டு ரயிலுக்கு ஓடுவேன். திரும்பி வரும்போது கால் இரண்டும் என்னுடையவை போலவே இருக்காது.

ஆறு மாதம் கழித்து டெஸ்ட் எடுத்தோம். முப்பத்து மூன்று. ஆஸ்பத்திரி வாசலிலேயே, "சாய்வு இன்னா இப்போ?" என்று கேட்டார். அந்தச் சொல்லை என்னிடமிருந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஆறு மாசத்துக்கு ஒண்ணு."

"அப்டி பாத்தா எவ்ளோ வருஷம்?"

சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். ஒன்று கூடுவதும் குறைவதும் டெஸ்ட்டிலேயே வரக்கூடிய பிசகு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் விடவில்லை. பத்துக்கு வர மீதி இருக்கும் இருபத்து மூன்றை ஆறால் பெருக்கி, "பதினோரு வருஷத்துக்கு மேல வருது. ஆனா அப்டியே நம்பிடாத" என்றேன். பின்பாதி அவர் காதில் விழவில்லை. புதுவாயல் டீக்கடையில் மற்ற டிரைவர்களிடம், என் பொண்டாட்டி கணக்குப் போட்டுட்டா, பேரன் பேத்தியெல்லாம் பாத்துட்டுத்தான் போவேன் என்று சொன்னாராம். ஒரு டிரைவரின் மனைவி ரயிலில் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

அடுத்த மாதம் பெய்த மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றது. அவருக்குக் காய்ச்சல் வந்து, வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எண் பதினான்கு. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, என் மனசு தானாகவே புள்ளி வைத்தது. முப்பத்து மூன்று இங்கே, பதினான்கு அங்கே, நடுவில் ஒரே ஒரு மாதம். இந்தச் சாய்வை வைத்துப் போட்டால் அடுத்த மாதம் எண் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். அப்படி ஒரு எண் உலகத்தில் கிடையாது. அதற்கு மேல் கணக்கை நிறுத்திவிட்டு, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

காய்ச்சல் விட்டது. எண் ஏறவில்லை, பத்துக்கும் கீழே போய்விட்டது. பொங்கலுக்கு முன்பே டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் தடவை உள்ளே போகும் முன் என் கையைப் பிடித்து, "நாலு வருஷம்னு சொன்னியே" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, ரயில் லேட்டா என்று கேட்பது போலக் கேட்டார்.

"சொன்னேன்."

"இனிமே போடாத. பேஜாரா கீது."

"போடல" என்றேன்.

லாரியை விட்டுவிட்டார். வாரத்துக்கு மூன்று முறை பொன்னேரிக்குப் போகிறோம். மகள் இப்போது காலேஜில் சேர்ந்துவிட்டாள்; எனக்கு ஷிஃப்ட் இருக்கும் நாளில் அவள் லீவு போட்டுக் கூட்டிப் போகிறாள். வெளியே வரும்போது அவர் முகம் வெளுத்து, உதடு காய்ந்திருக்கும். ஆனால் பசி நன்றாக எடுக்கும். எதிர்க்கடையில் இரண்டு இட்லி வாங்கித் தருவேன். சாம்பார் வேண்டாம் என்று அவரே கடைக்காரரிடம் சொல்லிவிடுவார்.

போன வாரம் அப்படித்தான் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரம் அவரை உட்காரவைத்து, ரிப்போர்ட் பையை மடியில் வைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. அதற்கப்புறம் தோளை யாரோ தட்டுவது தெரிந்தது.

"ஏய், எந்திரி. மீஞ்சூர் வந்துருச்சி."

பை அவர் மடியில் இருந்தது. என் தலை அவர் தோளில் இருந்தது. எப்போது சாய்ந்தேன் என்று தெரியவில்லை.

"எழுப்பியிருக்கலாம்ல" என்றேன்.

"தூங்கட்டும்னு உட்டேன்" என்றபடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். கண்டக்டர் விசில் அடிக்காமல், நாங்கள் இறங்கும்வரை காத்திருந்தார்.