கிர்க்கியில் அண்ணன் வீட்டுக்குச் சுற்றுவழி

சுற்றிப் பார்க்கவெல்லாம் நான் புனே போகவில்லை. அண்ணனை ஊருக்கு இழுத்து வரத்தான் போனேன். 1983 டிசம்பரில் அண்ணி எழுதியிருந்தார்: "அவர் குடிய வுட்டு ஒரு மாசம் ஆவுது. எனக்குப் பயமாவே இருக்குது. வந்து பாருங்க தம்பி." மூன்று முறை விட்டு, மூன்று முறையும் திரும்பக் குடித்தவர். வேலை போனால் போகட்டும், வேலூரில் என் கண்முன்னால் கிடக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

அரக்கோணத்திலிருந்து இருபது மணி நேரம். காலை ஏழரைக்குப் புனேயில் இறங்கியதும், மூன்றாம் நாள் திரும்ப இரண்டு டிக்கெட் எடுத்தேன். வரிசையில் ஒன்றரை மணி நேரம் போனது. அங்கிருந்து கிர்க்கிக்கு லோக்கல் வண்டி, பதினைந்து நிமிடம்.

வீட்டுக்குப் போகாமல் ஸ்டேஷன் பெஞ்சில் பகலைக் கழித்துவிட்டு, மாலை நாலரைக்கு அண்ணன் வேலை செய்யும் ஃபேக்டரி வாசலில் நின்றேன். அண்ணன் வந்தார். அவருக்காக வாசலில் காத்திருந்த இரண்டு பேர் இரு பக்கமும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் அந்தோணி சார், பள்ளி ஆசிரியர். இன்னொருவர் காம்ப்ளே, அதே ஃபேக்டரியில் ஃபிட்டர். மூவரும் இடப்பக்கம் திரும்பினார்கள். வீடு வலப்பக்கம், கடைத்தெரு வழியே ஒன்றேகால் கிலோமீட்டர்தான். குடிக்கத்தான் கூட்டிப் போகிறார்கள், வேறென்ன?

"இவங்கதான் உன் கூட்டாளிங்களா?" என்று அண்ணன் கையைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தேன்.

"தம்பி, கொஞ்சம் கேளுங்க..." என்றார் அந்தோணி சார். நான் கேட்கவில்லை.

இரண்டாவது திருப்பத்தில் சாராயக் கடை. பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான்: "க்யா மதராசி, நாராஸ் ஹை க்யா?" கோபமா என்று கேலி. அண்ணன் நின்றுவிட்டார். டிசம்பர் குளிரில் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"குமாரு, கைய வுட்டுடாத. நட."

நடந்தது அவரில்லை, நான்தான் அவரைத் திருப்பி நடத்தினேன். பத்தடி பின்னால் அந்த இருவரும் நின்றிருந்தார்கள். "இஞ்சினீயர் சாப், நக்ஷா தேக் லியா?" என்றார் காம்ப்ளே. வழி தெரிந்தவன்போல் இழுத்துப் போனேனே, வரைபடம் பார்த்து முடித்தாயிற்றா என்று கிண்டல். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை.

சுற்றுவழி மூன்றரைக் கிலோமீட்டர். தண்டவாளத்தை ஒட்டி, சர்ச் பின்புறமாகப் போகும். சாராயக் கடை ஒன்றுகூட இல்லை. ஐம்பது நிமிடம். வழியில் அந்தோணி சார் சொன்னார், "நானும் ஒரு காலத்துல அந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். ஏழு வருசம் முன்னாடி என்னை நடத்திக் கூட்டிட்டுப் போனது காம்ப்ளே." குடியை விட்டவர்கள் சனிக்கிழமை மாலை கூடிப் பேச சர்ச் பாதிரியார் அறை கொடுக்கிறார். ஃபேக்டரி மேஸ்திரி, மூன்று மாதத்துக்கு அண்ணனுக்கு இரவு ஷிப்ட் போடுவதில்லை. ஏற்பாடு இவ்வளவுதான். இதை ஒருத்தரும் எனக்கு எழுதவில்லை.

வீட்டு வாசலில் அண்ணி முதலில் அண்ணன் முகத்தைத்தான் பார்த்தார். பிறகுதான் "வாங்க தம்பி" என்றார்.

மறுநாள் காம்ப்ளேக்கு ஷிப்ட் மாறியது. அவர் இடத்தில் நான் நடந்தேன்.

இதே மாதிரி வேலையாகப் போகிறவர்களுக்கு: டிசம்பரில் ஸ்வெட்டர் அவசியம். செருப்பு புதிதாக வேண்டாம், கடிக்கும். உங்கள் ஆளோடு யார் நடக்கிறார்கள் என்று முதல் நாளே விசாரியுங்கள். அதற்கு முன்னால் திரும்பி வர இரண்டு டிக்கெட் எடுக்காதீர்கள். எனக்கு ஒன்றே போதுமாயிருந்தது.