மேடம் அடித்துவிட்ட இரண்டு வருஷம்

கோமதி மேடம் இன்று காலை போய்விட்டார்கள். மல்லேஸ்வரம் வீட்டில், காபி குடித்துவிட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோதே... கஷ்டப்படவில்லை என்று மகள் போனில் சொன்னார்.

தொம்மலூரில் எங்கள் ஆபீஸின் எச்.ஆர். மேடம். பத்து வருஷம் என் லஞ்ச் டேபிள் மேடமும்கூட.

போன லோக்சபா எலெக்‌ஷனில் எங்கள் தொகுதியில் ஒரு சின்னப் பெண் நின்றார். ஒரே ஒரு தடவை வார்டு கார்ப்பரேட்டர், அதாவது கவுன்சிலர், அவ்வளவுதான் அனுபவம். எதிரே நின்றவர் முப்பது வருஷ அரசியல்வாதி.

லஞ்சில் நான் பொங்கினேன். டெல்லி என்ன விளையாட்டா, நாட்டை நடத்துகிற இடத்துக்கு அனுபவம் வேண்டாமா, சாக்கடை பார்த்தவருக்கு பட்ஜெட் புரியுமா என்றெல்லாம்...

மேடம் இரண்டு பேர் நோட்டீஸையும் வாங்கி, பச்சைப் பேனாவால் அனுபவம் என்று போட்டிருந்த வருஷக் கணக்கை மட்டும் அடித்தார்கள்.

"இப்ப படி பா. மிச்சம் என்ன இருக்கு?"

பெரியவர் நோட்டீஸில் மிச்சம் அவர் போட்டோவும் கும்பிட்ட கையும். அந்தப் பெண்ணுடையதில் தூர்வாரிய கால்வாய், ஸ்கூலுக்குக் கட்டிய டாய்லெட், ஒரு பார்க். பார்க் என்ற வரிக்குப் பக்கத்தில், 'இதை என்னால் முடிக்க முடியவில்லை' என்று அச்சடித்தே இருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் டப்பாவைத் தள்ளி வைத்தேன். அந்தப் பச்சைப் பேனாவை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

என் இன்டர்வியூவில். ஆம்பூரிலிருந்து வந்து ஆறு மாதமாக வேலை இல்லை. ஒரு கன்சல்டன்சிக்காரன் பேச்சைக் கேட்டு, 'இரண்டு வருஷ அனுபவம்' என்று ரெஸ்யூமேயில் பொய் எழுதியிருந்தேன். மேடம் இரண்டே கேள்வியில் பிடித்துவிட்டு அதன்மேல் ஒரு கோடு போட்டார்கள்.

"இது ஆய்த்து, முடிஞ்சுது. உனக்கு நெஜமா என்ன தெரியும், அத சொல்லு."

சொன்னேன். ஃபிரெஷர் சம்பளத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

நான் பொங்கிய அன்று லஞ்சில் மேடம் ஒரு வார்த்தை விட்டிருந்தால் என் மானம் கப்பலேறியிருக்கும். விடவில்லை. தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி பிசிபேளேபாத் வைத்து, சாப்பிடு என்றார்கள். கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

நான் அந்தப் பெண்ணுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். தோற்றுவிட்டார். மேடத்துக்கு அதில் பெரிய வருத்தமில்லை, நோட்டீஸைப் பத்திரமாக வை என்றார்கள். வைத்திருக்கிறேன்.

ஆபீஸ் குரூப்புக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னார் மகள். 'முப்பத்திரண்டு வருஷ எச்.ஆர். அனுபவம்' என்று ஆரம்பித்து, நானே அடித்துவிட்டேன். மிச்சத்தை எழுத உட்கார்ந்தால் என் பொய்தான் முதலில் வருகிறது... மேடம் சொல்லாததை நானே இங்கே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

அந்தப் பேனா எனக்கு வேண்டுமென்று மகளிடம் கேட்டிருக்கிறேன்.

போயிட்டு வாங்க மேடம்.