முகத்தை மறைக்க ஒரு கம்ப்யூட்டர்

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவள் பிரேக் அக்கா. டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். பத்தொன்பது வருடமாக அதன்மேல் வலது காலை வைத்தபடியே ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். முதலில் அங்கே விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கத்தான் சேர்ந்தாள். ஒருநாள் கற்றுக்கொடுப்பவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். வாசலில் நான்கு பேர் முழித்துக்கொண்டு நின்றார்கள். "வாங்க, நான் வர்றேன்" என்று சாவியை எடுத்தாள். அதற்கப்புறம் யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

வாய் கொஞ்சம் நீளம். "ஸ்டியரிங்கைப் பிடிங்கன்னா கழுத்தை நெரிக்கிறீங்களே, அது உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்பாள். திட்டு வாங்கியவர்களே அதை நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பார்கள்.

காரில் இரண்டு கேமரா இருந்தது. ஒன்று சாலையைப் பார்க்கும், இன்னொன்று ஓட்டுபவர் முகத்தைப் பார்க்கும். அதில் பதிந்ததை வெட்டி ஒட்டி, 'இந்த வாரத் தப்பு' என்று வாரம் ஒரு வீடியோ இணையத்தில் போட ஆரம்பித்தாள். தப்பு செய்தவரிடம் சம்மதம் கேட்பாள், முகத்தை மங்கலாக்குவாள், பிறகுதான் போடுவாள். அந்த விஷயத்தில் கறார்.

சிக்கல் ஆறு மணி சாரால் வந்தது. விடியற்காலை ஆறு மணி வகுப்புக்கு, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு வருகிற ஐம்பது வயதுக்காரர். ஏதோ வியாபாரம் என்பார், என்ன வியாபாரம் என்று சொல்ல மாட்டார். ஒருநாள் நாற்பதடி தூரத்தில் ஒரு குப்பை லாரி ஓரமாக நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்ததும் மனுஷன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, "வராதே! வராதே!" என்று லாரியைப் பார்த்து அலறினார். அக்கா பிரேக்கை மிதித்தாள். தொப்பி பறந்து பின் சீட்டில் விழுந்தது.

அவரே பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "போட்டுக்கங்க மேடம். ஆனா மூஞ்சி தெரியக் கூடாது. இருபது வருஷத்துக்கு முன்னாடியே கார் ஓட்டக் கத்துக்கிட்டேன்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன்."

அந்த மூஞ்சியை மறைக்கத்தான் முடியவில்லை. அவர் தலை நாலாபக்கமும் ஆடியது. மங்கலும் தலையோடு சேர்ந்து ஓட வேண்டும். பழைய லேப்டாப் பன்னிரண்டு சதவீதம் வரை முனகிவிட்டு, மின்விசிறி அலற, கறுப்பாகி உட்கார்ந்துவிடும். நான்கு முறை ஆயிற்று. ஐந்தாவது முறை அக்கா லேப்டாப்பை மூடிவிட்டுக் கணவனின் தம்பியைக் கூப்பிட்டாள். கம்ப்யூட்டர் விஷயத்தில் அந்தக் குடும்பத்திலேயே அவன்தான் கரைகண்டவன் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

"அண்ணி, இனிமே லேப்டாப்பே வேண்டாம். அதே காசுக்கு டெஸ்க்டாப்னா ரெண்டு மடங்கு வேலை செய்யும். நான் பார்த்துத் தர்றேன்" என்றான்.

கடைக்குப் போனதும் அவன் பார்த்த லட்சணம் தெரிந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏழு நிறத்தில் விளக்கு சுற்றும் பெட்டி ஒன்று வாசலிலேயே இருந்தது. அதன் முன்னால் கொழுந்தன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றுவிட்டான்.

கடைக்கார அம்மாள் புன்சிரிப்போடு வந்தாள். "இதுதான் மேடம் இப்ப ரொம்பப் போகுது. எடிட்டிங்குக்குன்னே வந்தது."

"அந்த லைட்டு எடிட் பண்ணுமா?"

"அண்ணி!" என்று கொழுந்தன் நெளிந்தான்.

அம்மாள் அசரவில்லை. சுவரிலிருந்த பெரிய திரையில் ஒரு கிளி பறக்கிற படத்தை ஓட்டினாள். இறகு இறகாகத் தெரிந்தது.

"கிளி நல்லாத்தான் பறக்குது. அதுக்கு நான் ஒண்ணும் பண்ண வேண்டியதில்லையே. என் வீடியோவைப் போட்டு, என் வேலையைச் செஞ்சு காட்டுங்க" என்று அக்கா பென் டிரைவை நீட்டினாள்.

அம்மாள் அதைச் செருகி, எடிட்டிங் மென்பொருளைத் திறந்துவிட்டு, "இவர் வந்து பார்ப்பார். நான் மாடியிலேர்ந்து புது மானிட்டர் ஒண்ணு எடுத்துட்டு வர்றேன்" என்று படியேறினாள். உள்ளறையிலிருந்து, சீப்பை ஜேபியில் செருகியபடி, கடை முதலாளி வந்தார். தொப்பி இல்லாததால் அக்காவுக்கு ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. அவருக்கோ தெரிந்தது. கால் அப்படியே நின்றது.

அதே நேரத்தில் பெரிய திரையில் அவர் முகம் ஆளுயரத்துக்கு வந்தது. "வராதே! வராதே!" என்று கடை முழுக்க ஒலித்தது.

வீடியோ தானாகத்தான் ஓட ஆரம்பித்தது. அக்கா அதை நிறுத்தாமல் விட்டது மட்டும் தானாக நடந்ததல்ல.

"மேடம்... மேல இருக்கிறது என் வீட்டுக்காரி" என்றார் முதலாளி. கண் மாடிப்படியிலேயே இருந்தது.

"அப்படியா சார்! வணக்கம். பயப்படாதீங்க, சத்தத்தை நிறுத்திடறேன்." நிறுத்தினாள். "முகத்தை மறைக்கத்தான் வந்திருக்கேன். இந்த மெஷின் எவ்வளவு நேரத்துல மறைக்கும்?"

மங்கலாக்கும் வேலையைத் தட்டிவிட்டாள். விளக்குகள் ஜோராகச் சுற்றின. திரையில் 'இன்னும் பதினான்கு நிமிடம்' என்று வந்தது. மேலே அட்டைப்பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

முதலாளிக்கு வியர்த்தது. "மேடம், உண்மையைச் சொல்றேன். இதை எடுக்காதீங்க. காசெல்லாம் கண்ணாடிக்கும் லைட்டுக்கும் போயிடுச்சு. உள்ள மெமரி எட்டு ஜிபிதான் இருக்கு, கிராஃபிக்ஸ் கார்டே கிடையாது."

கொழுந்தன் கண்ணாடிப் பெட்டியிலிருந்து மெதுவாகக் கையை எடுத்தான்.

"அப்ப எதை எடுக்கணும்?"

முதலாளி மூலையிலிருந்த ஒரு கறுப்புப் பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பார்க்க ஷூ வைக்கிற அட்டைப்பெட்டி மாதிரி இருந்தது. ஏதோ அலுவலகம் மொத்தமாக மாற்றியபோது வந்த பழைய பெட்டி. ஆனால் பிராசஸர் நல்ல பிராசஸர். "இதுல நானே முப்பத்திரண்டு ஜிபி மெமரியும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டும் போட்டு வச்சிருக்கேன். அழகில்லாததால ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை. விலையும் அதைவிடக் குறைச்சல்" என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே வயர்களை மாட்டினார். விற்பனையில் அவர் இவ்வளவு உண்மை பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

தட்டிவிட்டார்கள். 'இன்னும் மூன்று நிமிடம்.' படியில் காலடிச் சத்தம் இறங்கி வந்தது, நடுவில் நின்றது, அம்மாள் யாரிடமோ போனில் பேசினாள், மறுபடி இறங்கியது. அவள் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழையவும், திரையில் தலை இருந்த இடத்தில் ஒரு மங்கல் உருண்டை ஆடவும் சரியாக இருந்தது. முதலாளி நாற்காலியில் சரிந்தார்.

அம்மாள் திரையைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"இந்தச் சட்டைக்கு மூணாவது பட்டன் மட்டும் வேற நிறம். நான்தான் தைச்சேன்" என்றாள்.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "முதுகு வலி, கண்ணு கூச்சம்னு சொல்லிச் சொல்லி இருபது வருஷமா வாடகைக் கார்லயே கூட்டிட்டுப் போனீங்களே. விடிஞ்சா வாக்கிங்னு கிளம்பினது இதுக்குத்தானா?"

அக்காவுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. குறும்பு கொஞ்சம் அளவு மீறிவிட்டதோ என்று நினைத்து, "அம்மா, ஒண்ணு சொல்றேன். இவர் கிளட்ச் பிடிக்கிற மாதிரி பக்குவமா யாரும் பிடிக்க மாட்டாங்க. லாரியைப் பார்த்தாத்தான் கொஞ்சம் பேச்சு வார்த்தை நடத்துவார்" என்றாள்.

அம்மாளுக்குச் சிரிப்பு பீறிட்டது. மானிட்டரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "சத்தத்தோட போடுங்க, மறுபடி ஒரு தடவை" என்றாள். கடைக்குள் "வராதே!" இன்னும் இரண்டு தடவை கேட்டது. இரண்டாவது தடவை முதலாளியும் சேர்ந்து சிரித்தார். இருபது வருடப் பாரத்தை இறக்கி வைத்தவர் முகம் போல இருந்தது அது.

கறுப்புப் பெட்டி அன்றைக்கே வீட்டுக்கு வந்தது. புது மானிட்டர் வேண்டாமென்று, கடையிலிருந்த பழையது ஒன்றையே அக்கா வாங்கிக்கொண்டாள். லேப்டாப்பில் ஒரு நாள் பிடித்த வேலை இப்போது காபி குடித்து முடிப்பதற்குள் முடிகிறது. அந்த வார வீடியோவில் முகத்தை மட்டுமல்ல, சட்டையையும் சேர்த்து மங்கலாக்கினாள்.

அன்று கடையிலிருந்து கிளம்பும்போது அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏழு மணிக்கு இடம் இருக்கா? எனக்கும் ஆசைதான், இத்தனை நாள் கேட்கத்தான் இல்லை" என்றிருந்தாள். மறுவாரமே சேர்ந்தாள். பயம் என்பதே இல்லை. ஹாரனைக் கொஞ்சம் கூடுதலாக அடிப்பாள், அவ்வளவுதான். இரண்டே மாதத்தில், முதல் தேர்விலேயே லைசென்ஸ் கைக்கு வந்தது.

முதலாளி இரண்டு தடவை தோற்றார். மூன்றாவது தேர்வு நாளன்று அவரைத் தேர்வு மைதானத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது அவர் மனைவி ஓட்டிய கார்தான். அவர் இறங்கும்போது அவள் ஜன்னலை இறக்கி, "உள்ள ஒரு லாரி நிக்குது, பேசி வையுங்க" என்றாள். அன்றைக்கு அவர் பாஸானார்.